ஒன்பதாம் நம்பர் இரும்பு

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜோசலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால இங்க நானும் அப்பாவும் சுகம், மிரியில நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமா இருக்கணும்னு தினமும் செபத்துல உன் பேரைச் சொல்றோம். வாட்சப் இருக்கும்போது இந்த அம்மா எதுக்குக் கடுதாசி எழுதுதுன்னு நினைப்ப. போன்ல பேசினா வார்டுல கூப்பிடுறாங்கம்மான்னு பாதியில வச்சிடுற, இது பாதியில விடுற சேதி இல்லலா, அதான். அப்பா முட்டிவலி பரவாயில்லை, ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு, நீ அனுப்பின தைலத்தைத் தேய்க்கச் சொன்னா மட்டும் காது கேக்காத மாதிரி இருக்காரு.

கையுறை செய்யுற கிலாங்கை மூடி என் வேலை போனதும் நான் வெல்டிங் வகுப்புல சேர்ந்தப்ப, நாற்பத்தாறு வயசுல நெருப்புகிட்டப் போகாதம்மா, கண்ணு போயிடும், பேசாம மிரிக்கு வந்துடுன்னு சொன்ன. பதினெட்டு வருஷம் கிலாங்குல ஓட்டை இருக்கான்னு கையுறையை உத்து உத்துப் பார்த்தவ நான், இரும்புல ஓட்டை விடாம ஒட்டுறதும் எனக்கு வரும்னு முதல் வாரமே தெரிஞ்சிடுச்சு. பன்னெண்டு பேர்ல நான் ஒருத்திதான் பொம்பளை. முதல்ல ஒருத்தனும் பக்கத்துல நிக்க மாட்டான், அப்புறம் எல்லாரும் அக்கா அக்கான்னு ஆயிட்டாங்க. அதுல சுகுமாரன்னு ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், முன்ன லோரி ஓட்டினவன், இப்ப ரெண்டாவது பிள்ளை பிறந்திருக்கு. அவனுக்கு லூமுட்ல கப்பல் கட்டுற இடத்துல வேலை சொல்லி வச்சிருந்தாங்க, வெல்டிங் பாஸ் பண்ணின சர்டிபிகேட், அதான் சிஜில், கையில இருந்தாத்தான் சேர்க்க முடியும்னு சொல்லிட்டாங்க. எனக்கும் லஹாட் பக்கம் ஒரு பெங்கெல்ல அதே பேச்சுத்தான், படிக்கட்டும் தண்ணித் தொட்டிக்குக் காலும் செய்யுற பட்டறை அது.

போன மாசம் டெஸ்ட். ரெண்டு இரும்புத் தகட்டைச் செங்குத்தா நிறுத்திக் கீழேயிருந்து மேலே ஒட்டிக்கிட்டு வரணும், அப்புறம் அதை வெட்டி மிஷின்ல வளைச்சுப் பார்ப்பாங்க, ஒட்டின இடம் வாயைத் திறந்தா பெயில். ஒவ்வொருத்தர் தகட்டுலயும் நம்பர் அடிச்சிருக்கும். எனக்கு ஒன்பது, சுகுமாரனுக்கு ஆறு. மத்தியானம் டெஸ்ட் எடுத்த ஆபீசர், அந்த என்சிக், வெளியே வந்து ஒன்பது பாஸ், ஆறு பெயில்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்குக் காலு தரையில இல்ல. சுகுமாரன் மாஸ்க்கைப் பைக்குள்ள வைக்கிறான். வளைச்ச துண்டுங்களை மேசையில வச்சிருந்தாங்க, நானும் ஆசையாப் போய்ப் பார்த்தேன். வெடிச்சுக் கிடந்ததே அந்த ஆறாம் நம்பர் துண்டு, அதுக்குப் பக்கத்துல வெட்டின மிச்சம் இருந்துச்சு, அதுல பாதியில ஒரு முடிச்சு. அந்த முடிச்சு என்னோடது ஜோசி. ஒட்டுற ராடு தீர்ந்து வேற மாத்தினப்ப நான் விட்டது, எனக்குத் தெரியாதா. தகட்டைத் தலைகீழாத் திருப்பி வச்சிருக்காங்க, ஆறு ஒன்பதாவும் ஒன்பது ஆறாவும் ஆயிடுச்சு.

உன்கிட்ட மறைக்க மாட்டேன், முதல்ல இங்க யாருக்குத் தெரியப் போவுதுன்னுதான் தோணுச்சு. ஆனா அந்த முடிச்சை விட்டுக் கண்ணு நகரல. இந்த மாதிரி ஒட்டிட்டு நாளைக்கு நான் ஒரு படிக்கட்டு செஞ்சா அதுல யாரோ பிள்ளையைத் தூக்கிட்டு ஏறுவாங்களேன்னு நினைச்சேன். என்சிக்கிட்டப் போய், பாஸானது என்னோடது இல்ல, வெடிச்சதுதான் என்னோடதுன்னு சொல்லிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. ஒட்டி முடிச்சதும் ஆளையும் தகட்டையும் சேர்த்துப் படம் எடுத்து வச்சிருந்தாங்க, அதைத் திறந்து பார்த்தா நான் சொன்னது சரி. தப்பு எங்க மேலதான்னு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டு, பாஸைச் சுகுமாரன் பேருக்கு மாத்தி, எனக்கு மூணு வாரம் கழிச்சு மறு டெஸ்ட்டுனு எழுதினாரு. சுகுமாரன் வாசல் வரைக்கும் என் கூட வந்தான், அக்கா அக்காங்கிறான். நீ போய் வீட்டுல சொல்லுடான்னு அனுப்பிட்டு பஸ்ல ஏறினதுக்கப்புறம்தான் அழுதேன்.

அப்பாகிட்டச் சொன்னா திட்டுவாருன்னு நினைச்சேன். எந்த இடத்துல வெடிச்சதுன்னு மட்டும் கேட்டாரு. மறுநாள் மெங்லெம்பு பழைய இரும்புக் கடையிலயிருந்து பஸ் சீட்டுக்கு அடியில துண்டுத் தகடா ஏத்திட்டு வந்துட்டாரு. சுகுமாரன் லூமுட் போறதுக்கு முன்ன வீட்டுக்கு வந்து, ராடு தீர்ந்ததும் ஒட்டி நிறுத்தின முனையைத் தேய்க்காமலே ஆரம்பிச்சுட்டீங்கக்கா, அதான்னு சொல்லிட்டுப் போனான். வகுப்புக்கூடத்துல சாயங்காலம் சாயங்காலம் அதை ஒண்ணையே பண்ணினேன், நிறுத்து, தேய், திரும்ப ஆரம்பி. போன செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டுல நாலு துண்டையும் வளைச்சாங்க, நாலும் முடி அளவு கூடத் திறக்கல. அதே என்சிக் எந்திரிச்சு நின்னு சிஜிலை ரெண்டு கையாலயும் கொடுத்தாரு. வர்ற திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்.

கண்ணுக்கு நல்ல மாஸ்க் வாங்கியாச்சு, பயப்படாத. நீயும் வார்டுல தப்பு நடந்தா உடனே சொல்லிடு, சொன்னதுக்கப்புறம் வர்றது வரட்டும், தாங்கிக்கலாம். மழைக்காலம், குடையில்லாமப் போகாத. ஆண்டவர் உன்னையும் உன் கையால மருந்து வாங்குற எல்லாரையும் காப்பாத்தட்டும். இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க அம்மா அப்பா விவரம் கேட்டிருந்தல்ல, அதுல அம்மா தொழில்னு இருக்குற இடத்தைக் காலியா விடாத, வேலையில்லைன்னும் போடாத. வெல்டர்னு எழுது.

பாசமுள்ள அம்மா
எல்ஸி ஆம்புரோஸ்