ஒட்டாத ஈயம்

செப்டம்பர் 8, ஞாயிறு

விரலில் கொப்புளம். சால்ட்ரிங் அயர்னை நுனியில் பிடித்தால் வேறென்ன வரும்? ஆனாலும் பஸர் அடித்துவிட்டது! போனில் வீடியோ பார்த்து நானே செய்த முதல் சாமான். சூடு ஏறினால் கத்தும். போடிமெட்டில் அண்ணன் பாண்டித்துரையின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மாட்டப் போகிறேன்.

செப்டம்பர் 15

மாட்டியாச்சு. அங்கே விறகு போட்டுக் காய் காயவைப்பது திருப்பதியண்ணன். அடிக்கொரு தடவை கதவைத் திறந்து, காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். சூடெல்லாம் வெளியே போகிறது. "இனிமே தொறக்காதீங்கண்ணே, சத்தம் வந்தா மட்டும் போங்க"ன்னு பெரிய இவளாட்டம் சொன்னேன். அண்ணனும் அதையே உத்தரவாகப் போட்டுவிட்டது.

செப்டம்பர் 19

காய் பூராவும் பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டதாம். பஸர் அடிக்கவே இல்லை என்று திருப்பதியண்ணன் சொல்லியிருக்கிறார். அண்ணன் நம்பவில்லை. வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் அத்தனை பேர் முன்னாலும் தூங்குமூஞ்சி என்று திட்டி இறக்கிவிட்டதாம்.

செப்டம்பர் 21

ஸ்டோருக்குப் போய் வயரைத் தொட்டேன். கையோடு வந்துருச்சு. கம்பியைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை உருக விடணும். நான் அயர்ன் நுனியில் உருக்கிச் சொட்டு வைத்திருக்கிறேன். கொத்தமல்லி விதையாட்டம் உருண்டு நிற்கிறது, ஒட்டவே இல்லை.

அண்ணன் என்னன்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்ல, வயரை இறுக்கினேன்னுட்டேன். ச்சீ. என்ன பிறவி நான்?

செப்டம்பர் 24

திருப்பதியண்ணனை எந்த ஸ்டோரிலும் சேர்க்க மாட்டேங்கிறாங்களாம். தூங்குற ஆளாம்.

செப்டம்பர் 25

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "சரி விடு. ஆளு போயாச்சு. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றது.

அப்பாடான்னு இருந்துச்சு. அதுதான் கேவலம்.

செப்டம்பர் 28

சிலமலைக்குப் போனேன். திருப்பதியண்ணன் யாரோ ஒருவரின் வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே எல்லாம் சொன்னேன், அண்ணனிடம் சொன்னதையும். அவர் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆத்தா? நான் தூங்கலன்னு எனக்குத் தெரியும். ஜீப்புல இருந்தவங்களுக்குத்தான் தெரியாது."

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் ஜீப்பு கிளம்பும் இடத்துக்குப் போனேன். அண்ணன் முன்சீட்டில். பின்னால் அத்தனை பேரும் இருந்தார்கள். தப்பு என் மேல, கதவைத் தொறக்காதீங்கன்னு சொன்னதும் நான்தான், அவர் தூங்கலன்னு சொன்னேன்.

காய் பறிக்கப் போகும் அன்னக்கொடியக்கா மட்டும் கேட்டாள்: "இத அன்னைக்கே சொல்ல என்ன?"

அண்ணன் டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்லிருச்சு.

அக்டோபர் 6

அன்னக்கொடியக்கா வந்துவிட்டுப் போனாள். திருப்பதியண்ணனைக் குரங்கணிப் பக்கம் ஒரு ஸ்டோரில் சேர்த்துக்கொண்டார்களாம். அண்ணனும் ஆள் விட்டுக் கூப்பிட்டதாம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாட்டிப் போகுது. அக்கா போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். குழம்பு அடிப்பிடித்தது அப்புறம்தான் தெரிந்தது.