குன்றில் நான் அணைத்த தீ

பிப்ரவரி 12, 2006, ஞாயிறு

காலையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள பாணேர் குன்றில் நடக்கப் போனபோது வனத்துறை வேலியோரம் புல் எரிவதைப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. பாட்டில் தண்ணீரைக் கொட்டினேன். மிச்சத் தீயைப் பச்சைக் கொம்பு ஒன்றை ஒடித்து அடித்தே அணைத்தேன். குன்றையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வனக்காவலர் ஓடி வந்தார். "மேடம், யே க்யா கியா!" என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று இந்தியில் பதறினார்.

அவர்கள் வேண்டுமென்றே வைத்த தீயாம் அது. ஓரப் புல்லை முன்கூட்டியே எரித்துவிட்டால், பெரிய தீ வரும்போது அந்த எரிந்த பட்டையைத் தாண்டாதாம். முன்பெல்லாம் ஹோலி முடிந்துதான் இந்த வேலையாம். இந்த வருஷம் இப்போதே புல் அப்பளமாக நொறுங்குகிறது. இப்போதே இப்படியென்றால் மே மாதம்...

தீப்பெட்டியை என்னிடமே நீட்டினார். காற்றில் ஆறு குச்சிகளை வீணாக்கி, ஏழாவதில் பற்றவைத்தேன். எரிந்து அடங்கும்வரை நானும் கொம்போடு காவல் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் குடியிருப்புச் செயலாளர் கிருஷ்ணன் சார் வாசலில் நிற்கிறார்.

"புகை உங்க ஃபிளாட்டுக்கு வரலையாம்மா? எவனோ குன்றுக்குத் தீ வச்சிருக்கான். கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கேன், ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் பேனாவை நீட்டிவிட்டார். வாங்கினேன். விரலெல்லாம் கரி. இருவருமே என் கையைப் பார்த்தோம்.

"நீங்களா?" என்றார்.

"முதல்ல அணைச்சதும் நான்தான் சார்," என்றேன்.