செம்பின் மேல் வைத்த பொட்டு

மச்சான்,

இன்று காலை மருமகள் மிக்சியில் தேங்காய் அரைத்தாள். உள்ளே பொறி பறந்து கருகின வாடை வந்தது. அவள் பதறி நிறுத்தினாள். எனக்கு நீயே பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. இந்த வயதில் இப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். முதல் கடிதம் உனக்குத்தான். மெல்லத்தான் வரும், பொறுத்துக்கொள்.

பிரெஞ்சுக்காரர் போன பிறகு, மின்சார மெஷின் வேலை சொல்லித்தர நம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. மில் வேலை போய் நின்ற நம் இருவரையும் பாரம் இறக்கக் கூப்பிட்டார்கள். மெட்ராஸிலிருந்து லாரியில் வந்த மோட்டாரைச் சவுக்குக் கட்டைமேல் உருட்டிக் கூடத்துக்குள் சேர்த்தோம். அங்கே வாத்தியாரை எல்லோரும் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கப்படி முசே என்றுதான் கூப்பிடுவோம். "மெஷின் நல்லா ஓடட்டும், உனக்கு இங்கயே வேலை கேக்குறேன்" என்று உன்னிடம் சொல்லியிருந்தார். உன் வீட்டில் அப்போது கைக்குழந்தை.

ஓட்டிப் பார்க்கும் நாளில் குளித்து, சந்தனம் குங்குமத்தோடு வந்தாய். மில்லில் மோட்டாரின் உள்பக்கம் வெளியே தெரியாது. இங்கே பிள்ளைகள் பார்க்கவேண்டுமென்று முசே மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே மின்சாரம் ஏறிச் சுழலும் செம்பு உருளை தங்கம் போல மின்னியது.

"இதுதான்டா இதுக்கு நெத்தி" என்று அந்தச் செம்பிலேயே சந்தனப் பொட்டைப் பெரிதாக வைத்தாய். நானும் கும்பிட்டேன்.

முசே வந்து சுவிட்சைப் போட்டார். சடசடவென்று நீலப் பொறி. உடனே நிறுத்திக் குனிந்து பார்த்தார். செம்பெல்லாம் ஈரச் சந்தனம்.

"யாருய்யா இது?"

"நான்தாங்க முசே. போச்சுங்களா?" என்று கேட்டாய்.

அவர் துணியால் துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி சுவிட்சில் கை வைத்தவர் போடாமலே நின்றார்.

"எனக்கும் பயமாத்தான்யா இருக்கு. இது கெட்டா வேற மெஷின் கெடையாது."

"உங்களுக்குமா? அப்ப சரி, போடுங்க" என்றாய்.

ஓடியது. பொறி இல்லை.

"இனிமே பொட்டை வெளியில வை. தெனமும் நீதான தொடைக்கப்போற" என்றார் முசே. உனக்குப் புரியவில்லை. "வேலை கெடச்சிருச்சுடா!" என்று நான்தான் உன் முதுகில் அடித்தேன்.

போன வாரம் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் புது டீச்சர் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டாள். "பயமா இருக்கும்மா" என்றேன். "எனக்கும்தான்" என்று சாக்பீஸை நீட்டினாள். அவள் பாடம் எடுக்க வந்த முதல் வகுப்பாம் அது.

"அப்ப சரி" என்று உன்னைப் போலவே சொல்லிக்கொண்டு என் பெயரை எழுதினேன். சந்தோஷத்தில் பெரிது பெரிதாக எழுதிவிட்டேன். கடைசி எழுத்துக்குப் பலகையில் இடமில்லை.