என் தோளுக்குத் தகுந்த ரைஃபிள்

டுவாடாபெரே
பிப்ரவரி 11

இல்லை கர்ஸ்டி, உன் அப்பாவின் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. முட்டிவலி என்பது நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய கதை. எட்டு மாதமாக ஊரிடமும் உன்னிடமும் சொல்லி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ இரண்டு கேள்வி கேட்டாய், அப்பாவின் முட்டி எப்படி இருக்கிறது, நான் ஏன் இந்த வயதில் துப்பாக்கி வாங்க அலைகிறேன் என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அப்போது சொல்ல முடியவில்லை, அவர் அதே அறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இப்போது எழுதச் சொன்னதும் அவரேதான். முதலில் முறைப்படி: நாங்கள் நலம். நாய் நலம். மழைத்தொட்டி நிறைந்திருக்கிறது. பெர்த்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே, அந்தச் செம்மண் சுரங்கத்தில், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வெறும் நம்பிக்கைதான். உன்னைப் பற்றி எனக்கு வேறு தகவல் இல்லை.

போன ஏப்ரல். கலைமான்கள் கத்தும் பருவம். அப்பாவும் நெவ் மாமாவும் லில்பர்ன் காட்டுப் பக்கம் போனார்கள், முப்பது வருடமாகப் போவதுபோல, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். விடிந்து சற்று நேரம். அப்பா மாட்டுக்கொம்பை வாயில் வைத்துக் கலைமான்போலக் கத்தினார். மேலே காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. மறுபடி கத்தினார், மறுபடி பதில். அரை மணி நேரம் இப்படியே, குரல் நெருங்கிக்கொண்டே வந்தது, இவரும் ஓடையோரமாக நெருங்கினார். துப்பாக்கி மேலிருந்த ஸ்கோப் கண்ணாடியில் பழுப்பு நிறம் தெரிந்தது, தோள் தெரிந்தது, இலைகளுக்கு மேலே கொம்பின் கிளைகள் தெரிந்தன. பாதுகாப்புப் பூட்டை விலக்கினார். அப்போது அந்தக் கலைமான் மூக்கைச் சிந்தியது. நெவ்வுக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். ஓடையைத் தாண்டி வந்திருக்கிறார். அவரும் ஒரு கொம்பை வைத்துக்கொண்டு உன் அப்பாவுக்குத்தான் அரை மணி நேரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், கலைமான் என்று நினைத்து. அப்பா துப்பாக்கியைத் தாழ்த்தி, அது இனிச் சுடாதபடி போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டு, ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலக் குரல் கொடுத்தார். நெவ் புதரை விலக்கிக்கொண்டு கோபமாக வந்தாராம், 'ஏண்டா கத்துற, பன்னிரண்டு கிளைக் கொம்புடா, குரலை வச்சே சொல்றேன், அரை மணி நேரமா எங்கிட்ட பேசிட்டிருந்துச்சு, உன் வாயால ஓடிப்போச்சு' என்று. அன்றிலிருந்து நெவ் மதுக்கடையில் சொல்லும் கதை அதுதான், தப்பிப்போன பன்னிரண்டு கிளை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். என்னிடம் மட்டும் சொன்னார், மூன்று நாள் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டே.

ஜூனில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம், க்ளாக்கோமா, ஓரப்பார்வை இரண்டு பக்கமும் தின்னப்பட்டிருக்கிறது, நடுவிலும் அங்கங்கே ஓட்டை. இழந்தது திரும்பாது, மீதியைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம். அவருக்கே தெரியாமல் இது எப்படி நடந்தது என்று கேட்டேன். மூளை காலியான இடத்தைக் காலியாக விடாதாம். எதிர்பார்ப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளுமாம். கொம்பை எதிர்பார்த்தவருக்குக் கொம்பு. திரும்பி வரும் வழியில் வண்டியை நான் ஓட்டினேன், முட்டிவலிக் கதை அப்போதுதான் பிறந்தது. அடுத்த ஏப்ரலில் என்ன செய்வீர்கள் என்றேன். 'பார்க்கலாம்' என்றார். என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு சொல்தான். துப்பாக்கி அலமாரியிலேயே இருந்தது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டார். துப்பாக்கியை விற்றால் ஊர் ஏன் என்று கேட்கும், அது அவருக்குத் தெரியும். ஏப்ரல் வந்துகொண்டிருந்தது, அது எனக்குத் தெரியும். நான் போனால் அவர் போக வேண்டியதில்லை. அவ்வளவு எளிய கணக்கு. மான்கறி வைக்கும் குளிர்பெட்டியும் காலியாகிக்கொண்டிருந்தது. உரிமத் தேர்வு எழுதினேன், போலீஸ்காரர் வந்து சமையலறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார், உரிமம் வந்தது. உனக்குச் சொன்னபோது சிரித்தாய்.

இன்னொன்றும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆவல். இருபத்தோரு வருடமாகப் கறிப் பட்டறையில் மற்றவர்கள் சுட்ட மானை அறுக்கிறேன். மானின் பிற்பாதிக் கதையை மட்டுமே படித்தவள் நான். முதல் பாதி எப்படி இருக்கும்? கறியோடு வருபவர்களிடம் எதில் சுட்டாய், எவ்வளவு தூரம் என்று எப்போதும் கேட்பேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. 308 ரகத் துப்பாக்கி வைத்திருப்பவன் 308 போல உண்டா என்பான், 270 வைத்திருப்பவன் மற்றதெல்லாம் பொம்மை என்பான். கத்தி வேறு சொல்கிறது. உடலுக்குள் அகப்பட்ட குண்டுகளை ஒரு ஜாம் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், நீ சின்ன வயதில் உலுக்கி விளையாடுவாயே, அதே புட்டி. சில காளான்போல விரிந்தவை, சில பொடிந்தவை. 300 மேக்னத்தால் அறுபது மீட்டரில் தோளில் அடித்த மான் வந்தால் முன்பாதி முழுக்க இரத்தக் கூழ், நாய்க்குத்தான். 243இன் சின்னக் குண்டு சரியான இடத்தில் போயிருந்தால் சுத்தமான துளை ஒன்று, வீணான கறி ஒரு கைப்பிடி. ஆனால் அதே 243 ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால்? போன வருடம் ஒரு பெண்மானின் தொடையில் பழைய குண்டு ஒன்றைக் கண்டேன், அதைச் சுற்றிக் குருத்தெலும்பு வளர்ந்து முட்டைபோல மூடியிருந்தது. யாரோ எப்போதோ சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அந்தக் காலோடு எத்தனை குளிர்காலம் நடந்ததோ. அந்த யாரோவாக நான் ஆகிவிடக்கூடாது. எனக்கு வேண்டியது சக்தி அல்ல, குறி சற்றுத் தவறினாலும் மான் தவிக்காத அளவு கொஞ்சம் தாராளம், கூடவே கண்ணை மூடாமல் சுட முடிகிற ஒன்று.

கண்ணை மூடுவது பற்றி. அப்பா தன் 300 மேக்னத்தையே எடுத்துக்கொள் என்றார். 'அலமாரியில சும்மா இருக்கு, இதவிட மலிவா எங்க கிடைக்கும்?' மலிவுதான். நவம்பரில் நெவ்வின் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுப் பார்த்தேன். தோளில் பதியும் கட்டை எனக்கு நீளம், அதனால் கழுத்தை நீட்டிக் கண்ணை ஸ்கோப்புக்கு அருகே கொண்டுபோனேன், அது உதைத்த உதையில் புருவத்துக்கு மேல் பிறைபோல வெட்டு. நெவ் கைக்குட்டையை நீட்டிவிட்டு, 'வாம்மா, சங்கத்துல சேர்ந்துட்ட' என்றார், தன் புருவத்தில் இருந்த பழைய பிறையைக் காட்டினார். பிறகு எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை உள்ளே வைத்தார். விசையை அழுத்தினேன். சத்தம் இல்லை, ஆனால் குழல்முனை கோழி கொத்துவதுபோலத் தலை குனிந்தது. துப்பாக்கி உதைக்கும் முன்பே நான் பயந்து குழலைக் கீழே அழுத்தியிருக்கிறேன். என் உடம்பு எனக்குச் சொல்லாமல் செய்த காரியம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வேறு யாருடைய கையோ என்பதுபோல. மலிவு என்பது விலைச்சீட்டில் இல்லை என்று அன்றே புரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். 'பழகிடும்' என்றார், முகத்தைப் பார்க்காமல்.

போன வெள்ளிக்கிழமை இன்வர்கார்கில் போனோம், மூவரும், ஒரே இருக்கையில் நெருக்கியடித்து. அப்பா ரப்பர் பூட்ஸ் வாங்க வருவதாகச் சொன்னார். 300ஐயும் பையில் போட்டுப் பின்னால் வைத்தார், ஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும் என்றார். நெவ் எனக்கு ஆலோசனை சொல்ல வந்தார். வழி முழுக்கச் சண்டை. '243ங்கிறது சின்னப்பிள்ளைங்க ஆடு சுடுறது, லோர்னா' என்றார் நெவ் என்னிடம். 'உன் முதல் மானை நீ எதுல சுட்டன்னு அவகிட்டச் சொல்லேன்டா' என்றார் அப்பா. 'அது வேற.' 'என்ன வேற?' '243தான். ஆனா மான் சின்னது.' துப்பாக்கிக் கடைக்காரர் இருவர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் கேட்டார், எந்த மான், எவ்வளவு தூரத்தில், மாதத்துக்கு எத்தனை முறை சுட்டுப் பழகுவீர்கள், மலையில் யார் சுமப்பது. முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையை முன்கையோடு வைத்து அளந்தார், தையல்காரர் மாதிரி. பிறகு 7 எம்.எம்.-08 ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 308இன் அதே தோட்டாக்கூடு, வாய் மட்டும் குறுகியது, குண்டு சற்றுச் சிறியது, உதை குறைவு, எங்கள் பக்கத்துச் சிவப்பு மானுக்குப் போதும். குட்டையான கட்டை. நுனியில் சத்தமடக்கி. நம் ஊர்க் கடையில் இந்தத் தோட்டா வராது, இங்கிருந்து மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தோளில் வைத்தேன். கண் ஸ்கோப்பின் நடுவில் தானாகப் போய் விழுந்தது. தேடவேண்டியிருக்கவில்லை. விலை ஆயிரத்து நானூறு டாலர், என்னிடம் தொள்ளாயிரம். கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த பழைய 243 பக்கம் திரும்பினேன், யாரோ கட்டையை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அப்போது அப்பா வெளியே போனார். நீளப் பையோடு திரும்பி வந்தார். கடைக்காரரின் மேசைமேல் வைத்துப் பிரித்தார், உரிமத்தைப் பக்கத்தில் வைத்தார். 'இதை எடுத்துக்கிட்டு அதைக் குடுங்க.' கடைக்காரர் போல்ட்டைப் போட்டுப் பார்த்து, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, 'நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன குறை?' என்றார். 'துப்பாக்கியில குறை இல்ல. என் கண்ணுல.'

நெவ் சிரித்தார். 'கண்ணா? முட்டின்னுல்ல சொன்ன?' அப்பா திரும்பவில்லை, காலியான பைமேல் கை வைத்தபடியே சொன்னார்: 'முட்டி நல்லாருக்கு. நெவ், அந்தப் பன்னிரண்டு கிளை நான்தான். நீ எனக்குக் கத்துன, நான் உனக்குக் கத்துனேன். பூட்டை விலக்கிட்டேன். நீ மூக்கைச் சிந்துன.' நெவ் அந்தத் துப்பாக்கியின் வாயைப் பார்த்தார். 'எவ்வளவு தூரம்?' 'எழுபது மீட்டர்.' 'எழுபது' என்று திருப்பிச் சொன்னார். வெளியே போய்விட்டார். கண்ணாடி வழியே பார்த்தேன், வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் அப்பா துப்பாக்கிப் பதிவேட்டுக்கான விவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் ஒரே சீராக இருந்தது, காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. நடுவில் நின்றேன், புது ரைஃபிளோடு. நெவ் திரும்பி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். 'பத்து மாசமா உன்னையாடா நான் தேடிட்டிருந்தேன்?' பிறகு, 'என் குரல் எப்படி இருந்துச்சு?' அப்பா யோசித்தார், உண்மையாகவே யோசித்தார். 'பத்து கிளைக்கு மேல தேறாது.' 'போடா' என்றார் நெவ். அவர் கண் கலங்கியிருந்தது. கடைக்காரரிடம், காட்டில் ஆளை அடையாளம் காட்டும் ஆரஞ்சு அங்கி இருக்கிறதா என்று கேட்டார். சாலை போடுகிறவன் உடுப்பு என்று முப்பது வருடம் சிரித்தவர். மூன்று வாங்கினார். வரும்போது ரிவர்ட்டன் ஊரைத் தாண்டினோம். பிறகு நெவ்தான், 'ஏப்ரல்ல மூணு பேரும் ஒரே பக்கம். ஓடைக்கு ரெண்டு பக்கம் இனி கிடையாது. இவன் கத்தட்டும், லோர்னா சுடட்டும், நான் சமைக்கிறேன்' என்றார். அப்பா, 'உன் சமையலைத் திங்கிறதுக்கு நீ என்னைச் சுட்டிருக்கலாம்' என்றார்.

ஆரஞ்சு அங்கி இருந்தாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நல்ல கண்ணுள்ளவர்களும் மனிதனை மான் என்று சுட்டிருக்கிறார்கள். எனக்கு மான் தெரியும்போது, தெரிவது மானா, என் ஆசையா? நெவ்விடம் கேட்டேன், மான் என்று நம்பாதே, மான் இல்லை என்று நிரூபிக்கப் பார், முடியாவிட்டால் மட்டும் சுடு என்றார். பட்டறையில் அதை ஒத்திகை பார்க்கிறேன். தொங்கும் உடலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், காது எங்கே, கழுத்து எங்கே, இந்தத் தோள் எந்தத் தலைக்குச் சொந்தம். வேடிக்கைதான். சிரித்துக்கொள்.

பெட்டியில் அனுப்பிய ஆட்டுத்தோல் காலணி வந்ததா என்று எழுது. சுரங்கத்தில் கூடுதல் ஷிஃப்ட் எடுக்காதே, பணம் ஓடிப்போகாது. இப்போது உனக்கு ஒரு வேலை, தள்ளிப்போடாதே. இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரலாம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த விடுப்பில் பெர்த் போனதும் கண்ணைக் காட்டு. எழுத்துப் படிக்கிற சோதனை போதாது, அதில் உன் அப்பா நூற்றுக்கு நூறு வாங்கினார். அழுத்தம் பார்க்கச் சொல், ஓரப்பார்வையும் பார்க்கச் சொல். நன்றாகத் தெரிகிறது என்று நீ சொல்வாய். அவருக்கும் நன்றாகத்தான் தெரிந்தது, கொம்பின் கிளைகளை எண்ணக்கூட முடிந்ததாம். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு முட்டியைப் பற்றிக் கேட்காதே, கண்ணைப் பற்றிக் கேள், பதில் சொல்வார். உன் கண்ணும் கையும் உறக்கமும் நன்றாக இருக்கட்டும். நீ நினைத்தது நினைத்த இடத்தில் நிற்கட்டும்.

அன்புடன் உன் அம்மா,
லோர்னா

வியாழன், தபாலில் போடும் முன்: காலையில் நெவ்வின் நிலத்தில் பத்துத் தோட்டா சுட்டேன். எட்டு குறிக்காகிதத்தில் பட்டது. ஒருமுறை நெவ் எனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா வைத்தார், குழல் அசையவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா துப்பாக்கி அலமாரியின் சாவியைத் தன் சாவிவளையத்திலிருந்து கழற்றி, தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அதை என் வளையத்தில் மாட்டிக்கொண்டேன்.