அந்த ஒரு கனைப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உங்கள் மூவரின் சுகத்தை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், போன் பேசுவதையும் குறைத்துவிட்டாய், அதற்குக் காரணம் நான்தான் என்று தெரியும். ஆறு மாதமாக என்னைப் பிடித்து ஆட்டிய வறட்டு இருமல் நின்றுவிட்டது. சிரப் குடித்தேன், எக்ஸ்ரே எடுத்தேன், மாடி வீட்டுக்காரர் பெயின்ட் அடித்ததால்தான் என்று அவரோடு முறைத்துக்கொண்டும் திரிந்தேன். கடைசியில் புதிதாக வந்த டாக்டரம்மா, பிரஷருக்கு நான் சாப்பிடும் மாத்திரையே சிலருக்கு இப்படி இருமலைக் கிளப்பும் என்று சொல்லி வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் தொண்டை அடங்கிவிட்டது.

உனக்குத்தான் தெரியுமே, நூலகத்தில் முப்பது வருடம் வாயைத் திறக்காமல் ஒரு கனைப்பிலேயே கூட்டத்தை அடக்கியவன் நான். வீட்டிலும் அதே கதைதான், அப்பா கனைத்தால் பேச்சை நிறுத்த வேண்டும் என்று சின்ன வயதிலேயே உனக்குப் பழகிவிட்டது. அதன் அர்த்தத்தை மாப்பிள்ளைக்கும் நீ சொல்லியிருப்பாய். போன தடவை அவர் வாயெடுத்தபோதெல்லாம் நான் இரும, பாவம், ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தினார், நான்கு நாள் தங்க வந்தவர் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டினார். எல்லாம் மாத்திரை செய்த வேலை என்று எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "மத்ததெல்லாம் மாத்திரை, சரி. சாப்பிடும்போது ஒண்ணு வந்துச்சே, அதுவுமா? இத்தனை வருஷம் கூட இருக்கேன், எனக்கு வித்தியாசம் தெரியாதா" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் சொன்னது சரி. லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையை நானே பார்த்துக்கொள்கிறேன் மாமா, அவள் வேலைக்குப் போகட்டும் என்று அவர் சொன்னபோது வந்தது இருமல் இல்லை, நான் தெரிந்தேதான் கனைத்தேன். அவர் தட்டைப் பார்த்தபடி மிச்சப் பேச்சை விழுங்கினார், நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். நீ ஜுரத்தில் கிடந்தபோது ஒரு நாள்கூட லீவு போடாதவன், அவரைப் பார்த்துக் கனைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இதை அவருக்கு நீயே படித்துக் காட்டு. குழந்தைக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருங்கள். நீயும் பிரஷர் பார்த்துக்கொள், இது நம் குடும்பத்தில் உண்டு. அடுத்த முறை வரும்போது மாப்பிள்ளை அந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்தே தொடங்கட்டும். நடுவில் என் தொண்டையில் சத்தம் வந்தால் மாத்திரை என்று ஏமாற வேண்டாம், அதை மாற்றியாகிவிட்டது. நிறுத்தாமல் பேசச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா