மத்தியானப் புழுக்கை

அக்கா,

அலுவலகத்துப் பின்னறையில் உலர்த்தும் அடுப்பை யாரோ போட்டுவிட்டார்கள். சூடேறிய ஆட்டுப் புழுக்கையின் மணம், காய்ந்த புல்லும் கொஞ்சம் புளிப்பும் கலந்தது, என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஏசி அறை. ஜன்னல் திறக்க ஏலாது. மேசையில் ஒரு கோப்பு, மேலதிகாரி என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். உங்களோடு கதைக்கவேணும் போல இருக்கிறது.

படிப்பின் கடைசி வருஷம், ஆய்வுக்கென்று கட்டைபறிச்சானில் உங்கள் ஆட்டுப் பட்டிக்கு வந்தனான். செம்மறிக் கிடாய்க் குட்டிகள் எட்டுக்கு வாலடியில் வார் போட்டுத் துணிப் பை கட்டினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பட்டியே கலைந்தது.

"பள்ளிக்கூடம் போகுதுகள் போல. ஆனா புத்தகப் பை பிழையான பக்கம் தொங்குது, தம்பி."

நான் சிரிக்கவில்லை. பாடம் எடுத்தேன். மேயும் குட்டி எவ்வளவு புல் தின்றது என்று நிறுக்க ஏலாது. விழும் புழுக்கையை நிறுத்து, அந்தப் புல்லில் எவ்வளவு செமிக்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்த்து, பின்பக்கமாகக் கணக்குப் போடவேணும். அதனால் ஒரு புழுக்கையும் நிலத்தில் விழக்கூடாது. "ஓம்" என்றீர்கள்.

குட்டிகள் கொழுத்தன. பைகளில் புழுக்கை குறைவு. கொஞ்சம் தின்று நன்றாக வளர்கின்றன என்று கணக்குச் சொன்னது, எட்டுக் குட்டியிலும் ஒன்றுபோல. இவ்வளவு சீரான எண்களைக் கண்டதில்லை என்றார் பேராசிரியர். உங்கள் ஊர் மேய்ச்சல் தரவைப் புல்லே ஆடுகளுக்குக் காணும், மேலதிகத் தீவனம் தேவையில்லை என்று எழுதினேன். இந்தக் கால்நடை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது.

அச்சடித்த ஆய்வுப் புத்தகத்தைக் காட்ட வந்தபோதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"மத்தியானத்தில பை சரியான பாரம், தம்பி. வார் வெட்டிக் கவட்டுக்குள்ள புண். பாதியை வெண்டிப் பாத்தியில கொட்டினனான்."

"உங்களை ஆர் கொட்டச் சொன்னது?"

"குட்டிதான். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எட்டிலயும் சமனாத்தான் கொட்டினனான்."

சமனாக! ஒரு குட்டியில் மட்டும் கொட்டியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். அதற்கும் தலையாட்டினீர்கள்.

மழை பொய்த்த வருஷம் ஊர் ஆட்களோடு அலுவலகத்துக்கு வந்தீர்கள். தவிடும் புண்ணாக்கும் கேட்டீர்கள். மேலதிகாரி என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "உங்கட புல்லுக் காணும் எண்டு இவர்தானே எழுதியிருக்கிறார்?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் முன்னாலிருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு சொல் போதும். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் உங்கள் குட்டிகளில் பாதி தப்பவில்லை.

போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு வந்தனான். படலைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது அதே தரவையில் இன்னும் இரண்டு பட்டிகளை விட அனுமதி கேட்டிருக்கிறார்கள். கோப்பில் ஆதாரமாக வைத்திருப்பது என் புத்தகம். கையெழுத்துப் போட்டால் புல் வேரோடு போகும். உண்மையைச் சொன்னால் பட்டமும் வேலையும் போகும்.

உங்கள் பிழையை நான் மூடி வைத்திருக்கிறேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இன்றைக்குப் புத்தகத்தைத் திறந்தேன். "விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஆய்வாளர் குட்டிகளோடு இருந்தார்" என்று எழுதியிருக்கிறேன். எங்கே இருந்தேன்? மத்தியானம் முழுக்க மூதூரில் ஒரு சாப்பாட்டுக்கடை மின்விசிறிக்குக் கீழே போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் எனக்கு ஒத்துவராது. அது தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அன்று அந்தக் கதிரைக்கு முன்னால் நீங்கள் காப்பாற்றியது உங்களை அல்ல.

"மத்தியானங்களில் நான் அங்கே இருக்கவில்லை. அந்த நேரத்துப் புழுக்கை நிறுக்கப்படவில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கோப்புக்குள் வைத்துவிட்டேன். மேலதிகாரி இரண்டாம் தரமும் ஆளனுப்பிவிட்டார். அப்படியென்றால் அந்தப் புழுக்கை எங்கே போனது, கொட்டியது ஆர் என்று கட்டாயம் கேட்பார்.

அதை நான் சொல்லமாட்டேன், அக்கா. இனிச் சொல்லாமல் இருப்பது என் முறை.