பென்டிரைவுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்

ஏப்ரல் 7, திங்கள்

போன வாரம் வைரஸ் கணினியில் இருந்த பாட்டுக் கிடங்கு மொத்தத்தையும் தின்றது. கானாவில் எங்கள் டெச்சிமான் ஊர் வானொலி இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. இன்றுதான் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி முடித்தேன். கணினிகளுக்குப் பொறுப்பு நான் என்பதால் மேலாளர் அஃப்ரியே மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஜூன் கடைசியோட உன் ஒப்பந்தம் முடியுது, அச்சியா. இன்னொரு தடவை ரேடியோ நின்னுச்சுன்னா நான் புதுப்பிக்க மாட்டேன்." எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை.

ஏப்ரல் 9, புதன்

வைரஸ் பென்டிரைவ் வழியாகத்தான் வந்தது; ஸ்டுடியோ கணினியில் அதைச் செருகும் துளைகளை அடைத்தாயிற்று. பதினாறு எழுத்தில் கடவுச்சொல். மூன்று நிமிடம் தொடாவிட்டால் திரை தானே பூட்டிக்கொள்ளும். இனி ஈ, எறும்பு நுழையாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆளும் நுழைய முடியவில்லை! காலை நிகழ்ச்சி நடத்தும் டார்க்வா அண்ணன் நேரலையில் செய்தி வாசித்துவிட்டு நிமிர்ந்தால் திரை பூட்டிக் கிடக்கிறது. கடவுச்சொல் மறந்துபோச்சு. மனுஷன் ஆறு நிமிடம் தானே ஸ்தோத்திரம் பாடிச் சமாளித்தார். அந்தக் குரலை நானும் கேட்டுத் தொலைத்தேன்.

"நீ வைரஸைப் பூட்டுனியா, என்னைப் பூட்டுனியா?"

ஏப்ரல் 11, வெள்ளி

கடவுச்சொல் ஸ்டுடியோ கண்ணாடியில், கொட்டை எழுத்தில். அதுகூடப் பரவாயில்லை. டார்க்வா அண்ணன் வீட்டு மடிக்கணினியைக் கொண்டுவந்து பாட்டுக் கிடங்கோடு கம்பி போட்டு இணைத்துவிட்டார். வானொலியில் போடச் சொல்லி சாவு அறிவிப்பு கொண்டுவருகிறவர்களின் பென்டிரைவ் எல்லாம் இப்போது அதில்தான். அவர்களோ சாவு போஸ்டர் அடிக்கும் கடையிலிருந்து நேரே வருகிறவர்கள். அந்தக் கடைக் கணினியில் இல்லாத வைரஸ் உலகத்திலேயே கிடையாது.

கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். நான் பூட்டப் பூட்ட இவர்கள் சுவரை இடிக்கிறார்கள். தப்பு யார் மேல — என் மேலயா? சீ... ஆமா, என் மேலதான்.

ஏப்ரல் 14, திங்கள்

சாவு வீட்டார் நாலு பேர் வந்தார்கள். வரவேற்பில் இருக்கும் போக்குவா உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகு எங்கள் ஊர் முறைப்படி கேட்டாள்: "இங்க எல்லாரும் சுகம். நீங்க வந்த காரியம்?" அவர்களில் மூத்தவர், இறந்தவர் நோயில் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். பத்து நிமிடம். அதுவரை பென்டிரைவ் அவர் மடியில் சும்மா கிடந்தது.

அடி மரமண்டை! வந்தவரை இத்தனை விசாரிக்கிறோம். அவர் கையில் இருப்பதை மட்டும் நேரே படுக்கையறைக்குள் விடுகிறோமே!

ஏப்ரல் 16, புதன்

போக்குவா மேசையில் ஒரு பழைய கணினி வைத்தேன். தண்ணீர் கொடுக்கும்போதே பென்டிரைவை வாங்கி அதில் செருகுவாள். அது சோதித்து, ஒலிப்பதிவை மட்டும் ஸ்டுடியோவுக்கு அனுப்பும். பெரியவர்கள் கதை முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். ஸ்டுடியோவில் கடவுச்சொல்லே கிடையாது. நான் அனுமதித்த நிரல்களைத் தவிர அங்கே எதுவும் ஓடாது.

டார்க்வா அண்ணன் அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார். "பூட்டு எங்கடி?"

"இருக்குண்ணே."

"கண்ணுல படலையே!"

மே 8, வியாழன்

ஒரு புகாரும் இல்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

மேடம் தன் சர்ச் பாடகர் குழுவின் பென்டிரைவோடு நேரே ஸ்டுடியோவுக்குள் போனார். டார்க்வா அண்ணன் கையை நீட்டி மறித்தார். "முன்வாசல் வழியா வாங்க மேடம்." இவரா! என் காதையே நம்ப முடியவில்லை.

மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வரவேற்பில் இரண்டு சாவு வீட்டாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் முறை வந்தது. பதினோரு வைரஸ். போக்குவா சத்தமாக எண்ணினாள்.

மேடம் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "இது வெளிய போகக் கூடாது, அச்சியா."

"நான் யார்கிட்ட மேடம் சொல்லப் போறேன்? திங்கக்கிழமையோட ஒப்பந்தம் முடிஞ்சு நானே போயிடுவேனே."

முறைத்தார். அப்புறம் பேனா தேடினார். என் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து.